எழுந்து நின்றால் ஏன் வாய் அடைக்கிறது? ஆங்கிலப் பேச்சுப் பயம் பற்றிய கேள்வி பதில்

(அரசு நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.)

நான்காம் வகுப்பு மாணவியின் தாய்: வீட்டில் ஆங்கிலப் பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். வகுப்பில் டீச்சர் எழுப்பினால் ஊமையாகிவிடுகிறாள். மொழி வரவில்லையா, பயமா?

பயம்தான் அம்மா. ஒப்பிப்பதற்கும் சொந்தமாகப் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு என்றாலும், வாயே திறக்காதது பயத்தின் வேலை. 1986-இல் எலைன் ஹார்விட்ஸ் உள்ளிட்ட மூவர், அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். பேச அஞ்சுவது, தேர்வுக்கு அஞ்சுவது, பிறர் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுவது என மூன்றையும் பேசினார்கள். அவர்கள் பார்த்தது கல்லூரி மாணவர்களை. சின்னப் பிள்ளைகளிடம் நான் கண்டவரை மூன்றாவதுதான் பெரிது. எழுந்ததும் உங்கள் மகள் யாரைப் பார்க்கிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். அநேகமாகப் பக்கத்து பெஞ்சைத்தான் பார்ப்பாள்.

ஓர் இளம் ஆசிரியர்: நாற்பது பிள்ளைகள். கேள்வி கேட்டால் அதே நான்கு கைகள்தான் உயருகின்றன.

கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் சார்? அமெரிக்க அறிவியல் வகுப்புகளை 1970-களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நம் பிள்ளையோ தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல்லைத் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஐந்து விரலையும் மடக்கி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். முதல் வாரம் அந்த அமைதி என்னைத்தான் வாட்டியது.

இன்னொன்று. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்கும் ஒரு பையன் இருந்தான். தினமும் காலையில் தலைமையாசிரியை அறைக்குப் போய், 'டீச்சர், த்ரீ ஆப்சென்ட்' என்று சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்தேன். வாக்கியம் ஒன்றே, எண் மட்டும் மாறும். கேட்பவரும் ஒருவரே. இரண்டு வாரம் கழித்து அவனாகவே 'டுடே' என்று சேர்த்துக்கொண்டான்.

ஒரு தந்தை: 'ஐ கோ எஸ்டர்டே' என்கிறான். உடனே திருத்தலாமா?

பாதியில் நிறுத்தாதீர்கள். 'ஓ, யூ வென்ட் எஸ்டர்டே?' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். பல நேரம் அது காதில் ஏறாமலே போகும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு தாய்: தமிழில் பேசினால் பள்ளியில் அபராதம் வாங்குகிறார்கள்.

காசு கட்டப் பயந்து பிள்ளை இரண்டு மொழியிலும் பேசாமல் இருந்துவிடும். எனக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டாலே ஆகாது. நான்கு பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவன்: எனக்கு 'இஸ்கூல்' என்றுதான் வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இது உன் குற்றமில்லை தம்பி. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்குவதில்லை. அதனால் நாக்கு முன்னால் ஓர் 'இ' போட்டுக்கொள்கிறது. ஸ்பானிய மொழி பேசுபவர்களுக்கும் இதே தொல்லை. அவர்கள் 'எஸ்கூல்' என்பார்கள். குக்கர் ஆவி விடுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று இழு. மூச்சை விடாமல் 'கூல்' என்று சேர். குளிக்கும்போது பத்துத் தடவை சொல்லிப் பார், அங்கே சிரிக்க ஆளில்லை. எத்தனையாவது நாளில் வந்தது என்று எனக்கு எழுது.