அபத்தம் என்றால் பொய்யா?

கேள்வி: நாடக விமர்சனங்களில் 'அபத்த நாடகம்' என்று எழுதுகிறார்கள். அபத்தம் என்றால் பொய்யா, முட்டாள்தனமா? எந்த மொழிச் சொல்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். 'பத்த' என்றால் கட்டப்பட்டது. முன்னால் 'அ' சேர்ந்தால் கட்டப்படாதது. பந்தம், சம்பந்தம், நிபந்தனை எல்லாம் அதே வேரில் பிறந்தவை. ஆக, முன்னுக்கும் பின்னுக்கும் சம்பந்தமில்லாத பேச்சு, அபத்தம்.

பொய்யா என்று கேட்டீர்களே, அதில் நியாயம் இருக்கிறது. பழைய தமிழ் அகராதிகளில் அந்தப் பொருளும் உண்டு. தெலுங்கில் இன்றைக்கும் பொய்தான். சித்தூரில் நான் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டு அம்மா பிள்ளைகளை அதட்டுவார்: "அபத்தம் செப்பொத்து!" பொய் சொல்லாதே என்று அர்த்தம். பாலக்காட்டுப் பக்கம் போனால் "அபத்தம் பற்றி" என்பார்கள், தவறு நேர்ந்துவிட்டது என்று. ஒரே சொல் மூன்று ஊரில் மூன்று விதமாக வாழ்கிறது. எனக்கு இதில் தீராத சந்தோஷம்.

சரி, நாடகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'அப்சர்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குச் சுருதி சேராதது என்று பொருள். பெக்கெட், அயனெஸ்கோ போன்றவர்களின் நாடகங்களை 1961-இல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் அந்தப் பெயரில் தொகுத்துப் பேசினார். தமிழில் அதற்கு 'அபத்தம்' அருமையாகப் பொருந்துகிறது. அங்கே பாத்திரங்கள் பொய் சொல்வதில்லை, முட்டாள்களும் இல்லை. ஒருவர் கேட்பதற்கும் மற்றவர் சொல்வதற்கும் நடுவே இருக்க வேண்டிய கட்டுதான் அவிழ்ந்து கிடக்கும்.