சுபாரு 360 உலகின் மோசமான கார்களில் ஒன்று என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஏதோ ஒரு ‘மோசமான பத்து கார்கள்’ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோக்கள் எல்லாமே அமெரிக்காவில் நடந்ததை மட்டும்தான் சொல்லும்.

ஜப்பானில் குன்மா மாகாணம், ஓட்டா ஊரில் நான்கு வருடம் இருந்தேன். சுபாருவின் சொந்த ஊர் அது. நான் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கவில்லை. விளம்பரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வீட்டுக்காரப் பெரியவரிடம் ஒரு 360 இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலோடு எண்ணெயை அளந்து ஊற்றி, இரண்டும் கலக்கட்டும் என்று வண்டியை இரு கையாலும் ஆட்டினார். கதவு நம் கார்களுக்கு நேர்மாறாகப் பின்பக்கம் திறந்தது. ஸ்டார்ட் செய்தால் நம்மூர் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவின் அதே சத்தம், அதே வாசனை. எனக்கு ஐந்தே முக்கால் அடி, தலை இடிக்கவில்லை.

போருக்குப் பிறகு விமானம் செய்யத் தடை வந்ததால் ஸ்கூட்டர் செய்து பிழைத்த, சுபாருவின் முன்னோடியான நகாஜிமா விமானக் கம்பெனிக்காரர்களின் வேலை இது. அரசின் சிறு கார் சலுகை வேண்டுமென்றால் அப்போது நீளம் 3 மீட்டர், எஞ்சின் 360 சிசி தாண்டக் கூடாது. அதற்குள் நான்கு பெரியவர்களை உட்கார வைக்க வேண்டியிருந்தது. பொறியாளர் மோமோசே ஷின்ரோக்குவின் குழு 1958-ல் அதைச் செய்து காட்டியது. எஞ்சின் பின்னால், கூரை ஃபைபர், மொத்த எடை 385 கிலோ, வெறும் 16 குதிரைசக்தி. விலை 4,25,000 யென்.

1968-ல் மால்கம் பிரிக்லின் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1,000 பவுண்டு (சுமார் 450 கிலோ) எடைக்குக் குறைவான வண்டிக்கு அப்போது அங்கே மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் பொருந்தவில்லை, அதனால்தான். 80 கிலோமீட்டர் வேகம் பிடிக்க 37 வினாடிக்கு மேல் ஆகும் வண்டியை அந்த நெடுஞ்சாலைகளில் விட்டால் என்ன ஆகும்? 1969-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் பத்திரிகை ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதியது. அங்கே அது சரியான தீர்ப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் வண்டியைச் செய்தவர்கள் மேல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் என்பதற்காகவே எனக்கு நான்கு வீடுகளை மறுத்தார்கள். சம்பளச் சீட்டு, கம்பெனி உத்தரவாதம் எல்லாம் கையில் இருந்தும். ஜப்பானின் சுத்தத்தையும் ஒழுங்கையும் பக்கம் பக்கமாக எழுதுகிற நம்மவர்கள் இதை ஏன் எழுதுவதில்லை? எனக்கு வீடு கொடுத்தது இந்தப் பெரியவர் ஒருவர்தான்.

இளவயதில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இதே வண்டியில் அகாகி மலைக்குப் போனாராம். கம்பெனிக்காரர்கள் இந்தக் காரை ஏற்றிச் சோதித்ததும் அதே மலைதான். வழியில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை என்று, அன்று வீடு திரும்புவதற்குள் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.