கருவாட்டுக் களத்துக்குக் காவல்: ராட்வைலர் வளர்க்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி அருகே கடலோரச் சிற்றூர் எங்களுடையது. கருவாட்டுக் களத்தில் இரவில் மூட்டைகள் திருடுபோகின்றன. காவலுக்கு ராட்வைலர் குட்டி தருவதாகச் சென்னையில் இருக்கும் மச்சான் சொல்கிறார். அந்த இனத்துக்குத் தடை இருக்கிறது, ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள் பக்கத்து வீட்டார். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: பக்கத்து வீட்டார் காரணமில்லாமல் பேசவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை, ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. உரிய தரப்பினரைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை அடுத்த மாதமே ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதும் தமிழகத்தில் அதே வகை நாய்களைத் தடுக்கும் ஓர் உத்தரவு வந்தது. அதிலிருந்தும் அரசு சில நாட்களில் பின்வாங்கியது. எனினும் உள்ளாட்சிகள் தனி விதி வகுக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனத்தைப் பட்டியலிட்டுத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த 23-இல் ‘பேன்டாக்’ என்றும் ஒன்று உண்டு. அது தனி இனமே அல்ல, கலப்பு. தோற்றத்தை மட்டும் பார்த்துக் கலப்பு நாயின் இனத்தைச் சொல்வதில் கால்நடை மருத்துவர்களே தவறுவோம். பிரிட்டன் 1991-இல் நான்கு வகைகளைத் தடுத்தது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வகை பெருகியதால் 2023 இறுதியில் அதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று 2008-இல் கைவிட்டது.

ஆனால் தடை கேட்பவர்களின் அச்சம் உண்மையானது. எந்த நாயும் கடிக்கும். ஐம்பது கிலோ எடையும் வலுவான தாடையும் கொண்ட நாய் கடித்தால் நான்கு வயதுக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே உங்களுக்கு என் பதில்: ராட்வைலர் வேண்டாம். சட்டத்துக்கு அஞ்சிச் சொல்லவில்லை, உங்கள் களத்தை நினைத்துச் சொல்கிறேன். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து, இரவில் அவிழ்த்துவிடப்பட்டு, முதலாளியைத் தவிர யாரையும் அறியாத நாய்தான் ஆபத்தானது. அப்படி வளர்ந்தால் நாட்டு நாயும் கெட்டுப்போகும். நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கட்டிய நாயை வழக்கமாக நடக்கவிடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். மேலும், கறுத்த அடர்ரோமம் கொண்ட அந்த நாய், நிழலில்லாத மணலில் சித்திரை வெயிலைத் தாங்காது. வெப்ப அதிர்ச்சியில் சில மணி நேரத்திலேயே நாய்கள் இறந்துபோகின்றன.

திருடனை விரட்டக் கடி தேவையில்லை. குரைப்பும் ஒரு விளக்கும் நல்ல வேலியும் போதும். உங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டை நாய் இந்த வெயிலுக்குப் பழகியது. ஆனால் அது வேட்டை நாய். அக்கம்பக்கத்து ஆடுகளைத் துரத்தும் என்பதால் சிறுவயதிலிருந்தே அடக்கிப் பழக்க வேண்டும். அந்த அளவு நேரம் இல்லையென்றால் சாதாரண நாட்டுக்குட்டியே நல்லது.

எதை வாங்கினாலும் எட்டு வாரத்துக்குள் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். குட்டி மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகுவதுதான் அதன் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வலை சுமப்பவர், மீன் வாங்க வரும் பெண்கள், மோட்டார் சைக்கிள் ஓசை எல்லாமே அந்த வயதில் அறிமுகமாகட்டும். மகளை நாயோடு தனியாக விடாதீர்கள். அது சாப்பிடும்போது அருகில் போகவே விடாதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். நாய் யாரையாவது கடித்துக் காயப்படுத்தினால், நீங்கள் கவனக்குறைவாக இருந்திருந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இனம் எது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. கடிபட்ட இடத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மஞ்சளோ மிளகாயோ காயத்தில் வைக்கக் கூடாது.