மெயினில் சரியானது பீட்டாவில் ஏன் உடைகிறது?

கேள்வி: ரஸ்ட் நிரலாக்க மொழியின் ஸ்டேபிளில் (பொது வெளியீட்டில்) கம்பைல் ஆகும் என் கோட், பீட்டாவில் (அடுத்த வெளியீட்டின் முன்னோட்டத்தில்) கம்பைலரையே விழவைக்கிறது. புது மாற்றங்கள் சேரும் மெயின் கிளையில் சரிசெய்தாயிற்று என்று இஷ்யூவை (பிழைப் புகாரை) மூடிவிட்டார்கள். பீட்டாவிலோ அதே பிழை!

பதில்: மெயினில் சேர்ந்த திருத்தம் தானாகப் பீட்டாவுக்குப் போகாது. 6 வாரத்துக்கு ஒருமுறை மெயினிலிருந்து பீட்டா பிரிகிறது. அடுத்த 6 வாரத்தில் அதுவே ஸ்டேபிள். பிரிந்தபின் வந்த திருத்தத்தை யாரும் பேக்போர்ட் செய்யாவிட்டால் (பீட்டாவுக்கும் எடுத்துச் செல்லாவிட்டால்), பிழையும் சேர்ந்தே வெளியாகும். திருத்தத்தைக் கொண்டுவந்த புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் பக்கத்தில்) 'பீட்டா-நாமினேட்டட்' லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். கம்பைலர் குழு ஒப்புக்கொண்டால் 'பீட்டா-அக்செப்டட்' சேரும். பிறகு அந்தக் கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் எடுத்துப் பீட்டா கிளையில் சேர்ப்பார்கள், இதுவே செர்ரி-பிக். அப்போது '-எக்ஸ்' ஆப்ஷன் கொடுத்தால் மூலக் கமிட்டின் எண் செய்தியில் பதிவாகும்.

கேள்வி: வெளியீடு நெருங்கிவிட்டது. திருத்துவதா, ரிவர்ட் செய்வதா (பிழை தந்த மாற்றத்தையே திரும்பப் பெறுவதா)?

பதில்: பெரும்பாலும் ரிவர்ட்தான். பழைய கோட் பல வாரம் ஸ்டேபிளில் ஓடித் தேறியது. புதுத் திருத்தத்தை நைட்லியில் (மெயினிலிருந்து தினமும் வரும் பதிப்பில்) யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். எழுதியவர் மனம் நோக வேண்டியதில்லை, ரிவர்ட் தண்டனை அல்ல.

மெர்ஜ் கமிட்டை (இரு கிளைகளை இணைத்த பதிவை) ரிவர்ட் செய்ய '-எம் 1' தேவை: எந்தப் பெற்றோர் (முந்தைய கமிட்) பக்கம் திரும்புவது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவிக்குச் சொல்ல வேண்டும். பின்னால் அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றம் திரும்பி வராது, அந்தக் கமிட்டுகள் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதால். ரிவர்ட்டையே ரிவர்ட் செய்து, அதன்மேல் திருத்தத்தைச் சேருங்கள்.

ரிவர்ட் தவறாகும் இடமும் உண்டு. 2021 மே 6-இல் வந்த ரஸ்ட் 1.52.0, இன்கிரிமென்டல் கம்பைலேஷனின் (மாறிய பகுதியை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் முறையின்) கைரேகைச் சரிபார்ப்பை, அதாவது சேமித்த முடிவு இன்னும் பொருந்துகிறதா என்ற சோதனையை, இயக்கியது. அதுவரை ஒளிந்திருந்த பழைய பிழைகள் கம்பைலர் விழுவதாக வெளிப்பட்டன. சரிபார்ப்பை எடுத்திருந்தால் அலறல் நின்றிருக்கும். தவறான பைனரி சத்தமில்லாமல் வெளியேறும் ஆபத்து அப்படியே இருந்திருக்கும். ஆகவே மே 10-இல் 1.52.1 வந்தபோது, இன்கிரிமென்டலையே இயல்பாக அணைத்தார்கள். ஜூலை 29-இல் 1.54 அதை மீண்டும் இயக்கியது.

கேள்வி: செர்ரி-பிக்கில் கான்ஃபிளிக்ட் (மாற்றங்களின் மோதல்) இல்லை. யூஐ டெஸ்ட் (கம்பைலர் காட்டும் செய்திகளைச் சரிபார்க்கும் சோதனை) மட்டும் தோற்கிறதே?

பதில்: மெயினில் பிழைச்செய்தியின் வாசகம் இடையில் மாறியிருக்கலாம், வரவேண்டிய செய்தியை எழுதிவைத்த எதிர்பார்ப்புக் கோப்பு அந்த வாசகத்தோடு வந்திருக்கும். பீட்டா கிளையிலேயே 'பிளெஸ்' ஆப்ஷனுடன் டெஸ்டை ஓட்டி அந்தக் கோப்பைப் புதுப்பியுங்கள். ஆனால் டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) வரிவரியாகப் படித்தபிறகே கமிட் செய்யுங்கள்: வந்த செய்தி தவறாக இருந்தாலும் பிளெஸ் அதை மறுக்காமல் எழுதிவிடும்.