வண்டி நம்முடையது, மேனுவல் யாருடையது?

கேள்வி: 1996-ஆம் ஆண்டு மாருதி 800 வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மெக்கானிக்குக் கொடுப்பதற்காக, பக்கத்து நகரத்து சர்வீஸ் சென்டர் ஒன்றில் சர்வீஸ் மேனுவல் கேட்டேன்; வெளியாருக்குத் தருவதில்லை என்றார்கள். எங்கே கிடைக்கும், என்ன விலை இருக்கும்? – வாசகர், தேனி

பதில்: வண்டியோடு வரும் உரிமையாளர் கையேட்டில் டயர் காற்றழுத்தமும் ஃபியூஸ் பட்டியலும் இருக்கும், சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில், எத்தனை படிகளில், எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) வைத்து முறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். அதைக் கைக்கணக்கில் முறுக்கினால் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மறுபடியும் போவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், உங்கள் மெக்கானிக் கேட்பது நியாயமே.

தர மறுக்கும் இந்தப் பழக்கத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே கண்டித்திருக்கிறது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஐரோப்பிய ஒன்றிய விதிமுறையின்படி, பழுதுநீக்கத் தகவலை யாரும் மணி, நாள், மாதக் கணக்கில் நியாயமான கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அப்படியொரு கட்டண முறை இங்கே இருந்திருந்தால், விலை என்ன என்று நீங்கள் எனக்கு எழுதவேண்டியிருந்திருக்காது.

முதலில் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்துமூலம் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வந்த மறுப்புக்கு ஆதாரம் இராது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியிருக்கிறது; அதையும் பாருங்கள். பழைய புத்தகக் கடைகளில் தேடினால் விலை கடைக்காரர் சொல்வதுதான்; ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பு பக்கங்களைப் புரட்டுங்கள். உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் எரிபொருளைப் பீய்ச்சும்) வண்டிக்கான மேனுவலில் எரிபொருள் பகுதியும் வயரிங் படமும் வேறாக இருக்கும். அட்டையில் மாருதி 800 என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப் போதாதா? – வாசகி, கரூர்

பதில்: பெரும்பாலானவை உரிமம் இல்லாத நகல்கள். அதோடு, வெளிநாட்டுச் சந்தைக்கான பதிப்பாக இருந்தால் எஞ்சினே வேறாக இருக்கக்கூடும். எஞ்சின் குறியீடு ஒத்துப்போகாத மேனுவலைப் பார்த்து ஒரு போல்ட்டைக்கூட முறுக்க வேண்டாம்.