தடத்தில் வேலி, டிவியில் ரத்தம்

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தில் போன வருடம் அவருடைய பெரியப்பா மகன் கம்பி வேலி போட்டுவிட்டார். மஞ்சள் மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டு வருகிறோம். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சே இல்லை. இவர் தினமும் ராத்திரி ரவுடிப் படமாகப் போட்டுப் பார்க்கிறார். அதிலும் 'ரத்த சரித்திரம்' திரும்பத் திரும்ப ஓடுகிறது. எட்டாவது படிக்கும் பையனும் கூடவே உட்கார்ந்துகொள்கிறான். "எலெக்‌ஷன்ல நின்னு கவுன்சிலர் ஆகறேன், அப்புறம் அவனைப் பார்த்துக்கறேன்" என்கிறார். போன வாரம் தேங்காய் வெட்டும் அரிவாளைத் தீட்டி வண்டிப் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. இந்தப் படங்களை எப்படி நிறுத்துவது?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மணி, நீங்கள் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அரிவாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம்.

அந்த அரிவாள் சாளையில் சொருகியிருக்கும்வரை பண்ணையச் சாமான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமான வெட்டுக்கருவிகளை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகத்தான் பார்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பங்காளியோடு சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போது தீட்டி வண்டியில் வைத்திருக்கும் அரிவாளுக்கு இந்த விலக்கைக் காட்டி ஸ்டேஷனில் பேசி ஜெயிப்பது லேசில்லை. அதை ஒளித்து வைக்காதீர்கள். இன்னொன்று வாங்குவது பெரிய காரியமில்லை, உங்கள் மேல் கோபம் வருவதுதான் மிச்சமாகும். காலையில், அவர் நிதானமாக இருக்கும்போது, "பார்த்தேன், பயமா இருக்குது, சாளையில கொண்டுபோய் வெச்சிருங்க" என்று நேராகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆண்கள் இதைச் செய்துவிடுவார்கள். யாராவது தடுக்க மாட்டார்களா என்றுதான் பாதிப்பேர் தீட்டவே தீட்டுகிறார்கள். அப்படியும் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் கிளம்பினால் மானம் மரியாதை பார்க்காமல் 100-க்குப் போடுங்கள். உங்கள் மேலே கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181.

சரி, படத்துக்கு வருவோம். இந்த மாதிரிப் படங்களை நானும் விரும்பிப் பார்க்கிறவள்தான், அதனால் உங்கள் வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு வாய் வராது. வேலி போட்டவன் முன்னால் தலைச்சுமையோடு நடந்து போகிற மனிதனுக்கு, திரையில் ஒருவன் திருப்பி அடிப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு ஆறத்தான் செய்யும். என் குறை வேறு. அவர் திரும்பத் திரும்பப் பார்க்கிற படத்தை முழுசாகப் பார்க்கவில்லை.

'ரத்த சரித்திரம்' 2010-ல் ராம் கோபால் வர்மா எடுத்தது. ஆந்திராவில் ராயலசீமாவின் அனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த நிஜப் பகையை வைத்துச் செய்த கதை. அந்த நிஜத்தை வருடத்தோடு அவரிடம் சொல்லிப் பாருங்கள். 1975-ல், பகையில் ஒரு தரப்பின் தலைவரான பரிட்டாலா ரவியின் தந்தை கொல்லப்பட்டார். 1993-ல் எதிர்த்தரப்பில் சூரி என்பவரின் வீட்டில், டிவிக்குள் வைத்த குண்டு வெடித்துக் குடும்பத்தில் பலர் செத்தார்கள். 1997 நவம்பரில் ஹைதராபாத்தில் ரவியைக் குறிவைத்துக் கார் குண்டு வெடித்தது. அன்றைக்கு அவர் போயிருந்தது எங்கே தெரியுமா? தன் அப்பாவின் கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்று அதன் தொடக்க விழாவுக்கு. அவர் பிழைத்துக்கொண்டார். செத்தது சுற்றி நின்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள். விழாவைப் படம் பிடிக்க வந்த டிவிக்காரர்களும் அதில் உண்டு. அவர்களுக்கும் இந்தப் பகைக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை நம்புகிறார் இல்லையா, அதையும் கேளுங்கள். ரவி வெறும் கவுன்சிலர் இல்லை. என்.டி.ஆர். ஆட்சியில் மந்திரியாக இருந்தவர். 2005 ஜனவரியில் பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ.வாக, அனந்தபுரத்தில் தன் கட்சி அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் அவர் மனைவி. பிறகு அந்த அம்மாவும் மந்திரியானார். பல வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்த சூரி, படத்தின் இரண்டாம் பாகம் தியேட்டருக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், 2011 ஜனவரித் தொடக்கத்தில், ஹைதராபாத்தில் காருக்குள் சுடப்பட்டார். சுட்டது எதிராளி இல்லை, கூடவே இருந்த ஆள். 1975-லிருந்து கணக்குப் போட்டால் 36 வருடம். படத்தில் இது சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால்தான் பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது. நடுவில் வாய்தாவுக்கு அலைந்த நாட்களையும், ஆள் துணையில்லாமல் வெளியே போக முடியாத பிள்ளைகளையும் எந்த டைரக்டர் உட்கார்ந்து எடுப்பார்? அந்த நாட்களெல்லாம் வீட்டுப் பெண்கள் பங்குக்குத்தான் வருகின்றன.

நம்ம பக்கத்துக்கே வாருங்கள். 1992-ல் வந்த 'தேவர் மகன்' கதை எங்கோ தெற்கே நடப்பதாக இருந்தாலும், எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். அதிலும் பங்காளிச் சண்டை. அதிலும் ஊர்ச்சனங்கள் நடக்கிற வழியை ஒருவர் வேலி போட்டு அடைக்கிறார், சட்டப்படி அது அவர் நிலம். கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதைதான். கடைசியில் வில்லன் சாகிறான், சரி. அருமையாகப் படித்த கதாநாயகன் என்ன ஆகிறான்? போலீசோடு ரயிலேறிப் போகிறான். மீசையையும் வசனத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் அந்த ரயிலை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த தடவை அவர் ரவுடிப் படம் தேடும்போது இதைப் போடச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த வேலியைக் கத்தி இல்லாம எடுக்க என்ன பண்ணியிருக்கலாம்?"

சினிமாவே வேண்டாம் என்றால் நம்ம அண்ணமார் கதை இருக்கிறது. பொன்னர் சங்கர் கதையில் எதிரி முதலில் வெளியிலிருந்து வரவில்லை. அந்த அண்ணன் தம்பியின் அப்பா குன்னுடையாரைப் பாடாய்ப் படுத்தியது பங்காளிகள்தான். பிள்ளைகள் வளர்ந்து பங்காளிகளைத் திருப்பிக் கேட்டார்கள், வீரமும் அதிகாரமும் சேர்ந்தது. எல்லாம் போய் முடிந்தது படுகளத்தில். உடுக்கடித்து விடிய விடியப் பாடுகிறவர்கள் சங்கரின் வீரத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. அண்ணன்மாரைத் தேடிப் போய்த் தங்கை தங்காள் அழுகிற அழுகையையும் பாடித்தான் முடிப்பார்கள். பல கேங்ஸ்டர் படங்களைவிட இந்தப் பாட்டு நேர்மையானது என்பது என் கட்சி. புதிதாக வருகிற 'மாஸ்' படங்களில் சாகிறவனுக்கு வீடே இருப்பதில்லை.

ஆனால் படத்தைப் பேசியே இந்தப் பதிலை முடித்தால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டில் பிரச்சினை டிவியில் இல்லை, தடத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆன்லைனிலேயே உங்கள் சர்வே எண்ணின் புல வரைபடத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்), 'அ' பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) எடுங்கள். அந்தத் தடம் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் வேலி நிற்பது அரசு நிலத்தில். தாசில்தாரிடம் ஆக்கிரமிப்பு மனு கொடுத்தால் வேலி எடுப்பது அவர்கள் பாடு. பட்டா நிலம் என்றால் வீட்டு பீரோவைத் திறந்து, அப்பாரு காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். "வண்டி வாகனம் போய்வரும் மாமூல் தடபாத்தியம்" (அதாவது வழியில் போய்வரும் உரிமை) என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த வரி இல்லாவிட்டாலும் கை விரிக்க வேண்டாம். ஒரே பூமியைப் பிரித்துக்கொண்டதில் உங்கள் பங்குக்கு வேறு வழியே இல்லை என்றால், அந்த வழி உங்களுக்கு உண்டு என்று கேட்க 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் (வழியுரிமை) சட்டம் இடம் தருகிறது. தடையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், உரிமையாக 20 வருடம் நடந்த தடத்துக்கும் உரிமை உண்டு. இங்கேதான் கெடு. அந்த 20 வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். வேலி போட்டது போன வருடம் என்கிறீர்கள். கவுன்சிலர் ஆகிறேன் என்று அவர் காத்திருந்தால், பங்காளி ஒரு விரலும் அசைக்காமலேயே இந்த உரிமை கையைவிட்டுப் போய்விடும். இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள், இடைக்கால உத்தரவு கேட்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

கோர்ட்டுக்குப் போனால் பகை பெருகும் என்று பயமாக இருந்தால், வழக்கு போடுவதற்கு முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசலாம். கட்டணம் இல்லை. அங்கே இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. நிலம் உங்கள் பெயரிலும் இருந்தால், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே பெண் என்பதற்காக உங்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்து கேளுங்கள். ஆனால் பேச்சு நடக்கிறது என்று 2 வருடத்தைத் தாண்ட விட்டுவிடாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாமா என்று உங்களுக்குத் தோன்றும். பேசலாம், ஆனால் நோம்பி சமயத்தில் நாலு பேர் முன்னால் வேண்டாம். கூட்டம் கூடிவிட்டால் இரண்டு பேருக்கும் ரோசம்தான் முன்னால் நிற்கும். ஆண்களுக்குத்தான் பேச்சில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டு அக்காவும் நீங்களும் இன்னும் பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நூலை அறுத்துவிடாதீர்கள். ஆண்களைச் சேர்த்து வைக்கச் சொல்லி அவரிடம் கேட்க வேண்டாம், அது அவருக்குப் பாரம். சர்வேயரை வைத்து அளக்க அவர் வீட்டில் சம்மதமா, அதை மட்டும் கேளுங்கள்.

பையன் விஷயம் சின்னது, இன்றைக்கே முடித்துவிடலாம். வயது வந்தவர்களுக்கான படத்தை எட்டாவது படிக்கிறவன் பார்க்க வேண்டியதில்லை. ஓடிடி செட்டிங்ஸில் வயது வாரியாகப் பூட்டு இருக்கிறது, ரகசிய எண் போட்டுவிடுங்கள். அந்த எண் உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியட்டும், அவருக்குத் தெரியாமல் போட்டால் சண்டை உங்கள் பக்கம் திரும்பும். பட்டாக்கத்தியில் கேக் வெட்டி, ஆயுதத்தோடு ரீல்ஸ் போட்ட பையன்களைக் கோவையில் போலீஸ் பிடித்தார்களே, அந்தச் செய்தியை மட்டும் அவனோடு உட்கார்ந்து படியுங்கள்.

எலெக்‌ஷனில் நிற்பது அவர் இஷ்டம். வாய்க்கால் தூர்வார, ரோடு போட என்று நின்றால் நானே வாழ்த்துவேன். ஆனால் ஒன்றியக் கவுன்சிலர் ஆனாலும் தனியார் தடத்து வேலியைத் தொட அவருக்கு அதிகாரம் வராது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும். பட்டா, அளவை எல்லாம் வருவாய்த்துறை. தடபாத்தியம் சிவில் கோர்ட்.

அளக்க வருகிற நாளில் உங்கள் அண்ணனோ தம்பியோ, இவருக்கு மரியாதைப்பட்ட ஒருவர் கூட இருக்கட்டும். அன்றைக்கு அவர் பைக்கை எடுக்க வேண்டாம், நடந்தே வேலிக்கு வரட்டும்.