ஹாலோ கேத்தோடு நுனி உருகுவது: ஆர்கான் ஓட்டம் போதவில்லை

உங்கள் ஹாலோ கேத்தோடு, அதாவது உள்ளே வாயு ஓட, மின்வில் எரியும் குழாய் வடிவ எதிர்மின்வாய், 3 மி.மீ. உள்விட்டமுள்ள டான்டலம் உலோகக் குழாய்; 30 ஆம்பியர், ஆர்கான் நிமிடத்துக்கு 10 கன செ.மீ. மட்டும். மின்னழுத்தம் 40க்கும் 70 வோல்ட்டுக்கும் இடையே ஆடுகிறது, நுனி உருகி விரிசல் விடுகிறது என்கிறீர்கள். முதலில் வாயுவைக் கூட்டுங்கள்.

எலக்ட்ரான்களைத் தருவது நுனி அல்ல, அதற்குச் சற்று உள்ளே 2400–2700 கெல்வினில் ஒளிரும் வளையம். குழாய்க்குள் சில டார் (ஒரு டார் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 760-இல் ஒரு பங்கு) அழுத்தம் இருந்தால்தான் அது நிலையாக நிற்கும். ஓட்டம் குறைந்தால் வளையம் பின்னோக்கி நகர்ந்து மின்னழுத்தம் ஏறும். இன்னும் குறைந்தால் மின்வில் உள்ளே நிலைக்காமல் விளிம்பில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளும்; உருகுவது அங்கேதான். நிமிடத்துக்கு 50 கன செ.மீ. வைத்து, மின்னழுத்தம் அடங்கிய பிறகு மெல்லக் குறைத்துப் பாருங்கள். மறுபடி ஏறத் தொடங்கும் இடமே உங்கள் கீழ் எல்லை.

வில்லை மூட்டியதும் நேராக 30 ஆம்பியருக்குப் போகாதீர்கள். 10 ஆம்பியரில் சில நிமிடம் சூடாகட்டும். 2400லிருந்து 2600 கெல்வினுக்கு ஏறினாலே வெப்பத்தால் வரும் எலக்ட்ரான் உமிழ்வு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். குளிர்ந்த குழாயில் அந்த மின்னோட்டத்தைத் திணித்தால் வில் புள்ளியாகச் சுருங்கிவிடும். மின்வழங்கி மாறா மின்னோட்ட வகையாக இருக்கட்டும், தொடரில் ஒரு மின்தடையும் வையுங்கள்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக் கசிவு. சூடான டான்டலம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். வாயுக் குழாயின் இணைப்புகளை ஹீலியம் கொண்டு சோதியுங்கள். அணைத்த பின்னும் ஆர்கான் ஓடட்டும். குழாய் முழுதாக ஆறும்வரை வெற்றிட அறையைத் திறக்கவே வேண்டாம்.